கிள்ளக் கிள்ளத் தழைக்கிற கீரை

லெட்டூஸைத் தூத்துக்குடியில் யாரும் கீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பர்கர் கடைக்காரன் ரொட்டிக்கு நடுவில் ஒளித்துவைப்பது, பிள்ளைகள் உருவி ஓரமாகப் போடுவது, அவ்வளவுதான் அதன் மரியாதை. அப்பேர்ப்பட்ட இலையை வீட்டில் விதைத்து, வளர்த்து, வேளை தவறாமல் கிள்ளி, பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் சவரிராயன் நினைத்தார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தபடியே கிரேனை இயக்கிவிடலாம் என்று ஆன பிறகு, வானத்தில் ஏறி உட்கார ஆள் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவி மரியபாக்கியத்தை அவர் சரியாகக் கவனித்தார். சாவியை மறந்தாள். அடுப்பை மறந்தாள். பிறகு தெருவை மறந்தாள். ஒருநாள் அவரையே நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க, யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று கேட்டாள். கோபித்துக்கொள்ளவும் முடியாத அளவுக்கு மரியாதையாகக் கேட்டாள்.

மறதிக்கு அந்த இலையை மருந்தாகத் தருகிற திட்டத்துக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய பெட்டி, சின்ன பிரிட்ஜ் அளவு இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே வெள்ளை விளக்கு. வெளியே ஊர் கொதித்துக்கொண்டிருந்தாலும் பெட்டிக்குள் ஊட்டிக் குளிர். கூடவே ஒரு பொட்டலம் விதை. எறும்பு முட்டையைவிடச் சின்ன விதை.

சவரிராயன் தன் வாழ்நாளில் விதைத்தது வாசலில் ஒரு அவரைக்கொடி மட்டும். அதே முறையில் விரலால் குழி போட்டு, விதையை உள்ளே தள்ளி, மண்ணை நன்றாக மூடி, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். இரண்டு வாரமாக ஒரு பச்சைப் புள்ளிகூட எட்டிப் பார்க்கவில்லை.

திட்டத்திலிருந்து வாராவாரம் வந்து பார்த்துப் போகிற பெண் ஷமீமா. காயல்பட்டினத்துக்காரி, வயது முப்பதுக்குள் இருக்கும். தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அங்கிள், விதைய அடக்கம் பண்ணிட்டீங்களே."

"பின்ன விதைன்னா மண்ணுக்குள்ளதானம்மா போடணும்?"

"இது அப்படி இல்ல. இதுக்கு வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கணும்னே தோணும். மண்ணு மேல சும்மா தூவி, கையால லேசா அழுத்துங்க, போதும். தண்ணியும் அந்த மாடித் தொட்டித் தண்ணி வேண்டாம். அந்தச் சூட்டுக்கு விதை தூங்கிப்போகும்."

"மாத்திரையாக் குடுத்தா என்ன? இத்தனை பாடு எதுக்கு?"

"மாத்திரையா ஆக்கினா மருந்து செத்துப்போகுது அங்கிள். உயிரோட இருக்கிற இலைக்குள்ளதான் அது நிக்குது. கிள்ளி அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். அதனாலதான் கடையில விக்க முடியாம ஒவ்வொரு வீட்டுலயும் தோட்டம் போட வேண்டியிருக்கு. விதையும் எங்ககிட்டதான் வாங்கணும், இந்தச் செடி காய்ச்சாலும் அந்த விதை முளைக்காது."

மறுபடி தூவினார். இந்த முறை இரண்டே நாளில் தட்டு முழுக்கப் பச்சை மணல் இறைத்த மாதிரி முளை கிளம்பியது. நெருக்கமாக நின்றதை ஷமீமா சொன்னபடி பிடுங்கிக் களைந்தார். செடி கையளவு வந்ததும், வெளிவட்டத்து இலையாகப் பார்த்துக் கிள்ளினார். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. குருத்து இருக்கிறவரை கிள்ளக் கிள்ளத் தழைக்கும். குருத்தில் கை வைத்தால் செடி போய்விடும். கிள்ளிய இடத்தில் பால் கசிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு ருசியும் இல்லை. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று இருந்தது.

பாக்கியத்துக்கு இலையைச் சும்மா கொடுத்தால் துப்பிவிடுவாள் என்று, தோசைக்கு நடுவில் வைத்து மடித்துக் கொடுத்தார். அடுத்த சில நாட்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஒரு காலை, சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள், கூடத்து நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஜன்னலுக்கு யாரு நீலப் பெயிண்ட் அடிச்சா? கேவலமா இருக்கு."

அடித்தது சவரிராயன்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாக்கியம் வந்துவிட்டாள். அவள் குரல், அவள் குத்தல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுகிற அந்த வேகம், எல்லாமே வந்துவிட்டது. அவர் மாதாவை நினைத்துக் கைகூப்பினார். அந்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் கேட்டாள்:

"டென்சில் எங்க? கப்பல்லருந்து எப்ப வாரான்?"

டென்சில் அவர்களுடைய ஒரே மகன். பெரிய கப்பல், அத்தனை பெரிய கப்பலை ஓட்ட ஐந்தாறு பேர் போதும் என்று ஆகிவிட்ட காலம். இன்ஜின் அறையில் ஏதோ வாயு கசிந்தபோது தூக்கிவிடக் கூட ஆள் இல்லை. மூடி முத்திரை வைத்த பெட்டியில் ஊருக்கு வந்தான். அடக்கத்தன்று பாக்கியம் மறதியின் அடியாழத்தில் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் "காப்பி குடிச்சியளா?" என்று உபசரித்துக்கொண்டிருந்தாள்.

சவரிராயன் பொய் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. தெளிந்த பாக்கியத்திடம் எந்தக் காலத்திலும் அவர் பொய் எடுபட்டதில்லை. "போனைக் குடுங்க, நானே பேசுதேன்," என்று கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அவர் உண்மையைச் சொன்னார்.

அவள் அழுததை விவரிக்கப் போவதில்லை. பெற்றவளின் அழுகை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மத்தியானத்துக்கு மேல் மெல்ல மெல்ல மங்கினாள். கண்ணில் ஈரம் இருந்தது, எதற்கு என்பது போய்விட்டது. இரவு தூங்கி எழுந்தாள். காலையில் தோசைக்குள் இலை. இலைக்குப் பின்னால் தெளிவு. தெளிவுக்குப் பின்னால், "டென்சில் எங்க?"

தினமும் இதுதான். தினமும் அவர் சொல்ல வேண்டும், தினமும் அவள் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பாள். எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார். கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் அவள் முகம் ஒரே மாதிரிதான் உடைந்தது. சொல்கிறவர் அழக் கூடாது, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அவர் அழவில்லை.

ஷமீமா வந்த அன்று நேராகவே கேட்டார்.

"நிறுத்திரலாமாம்மா?"

அவள் பெட்டியின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"முதல் ரெண்டு மாசம் இப்படித்தான் இருக்கும் அங்கிள். இலை சாப்பிட்ட நேரத்துக்குப் பழசெல்லாம் வரும், ஆனா புதுசாச் சொல்றது தங்காது. விடாமக் குடுத்தா புதுசும் தங்க ஆரம்பிச்சிரும். அதுக்கப்புறம் நீங்க திரும்பச் சொல்ல வேண்டியதில்ல."

"தங்கிட்டா?"

"தங்கிட்டா நல்லதுதானே."

"என்ன நல்லது? இப்ப காலையில அழுதா, சாயங்காலம் மறந்திருதா. தங்கிட்டா சாயங்காலமும் அழுவா. சாகுறவரைக்கும் அழுவா. அவளுக்கு ஆண்டவரே பாத்து ஒரு மறதியக் குடுத்திருக்காரு. நான் அதை இலையக் குடுத்துப் பிடுங்குதேன்."

ஷமீமா பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "திருச்செந்தூர்ல ஒரு வீடு. அந்தத் தாத்தாவுக்குத் தெளிவு வந்ததும், தான் பெண்டாட்டிய அடிச்ச அடியெல்லாம் ஞாபகம் வந்திருச்சு. அவங்க காலைப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குறாரு. தெளிவு வந்தா எல்லாமே வரும் அங்கிள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுக்க இலைக்குத் தெரியாது. பாதி வீட்டுல நிறுத்திடறாங்க. நோயாளி கேட்டு நிறுத்தறதில்ல. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தாங்க முடியல."

"அப்ப நானும் நிறுத்தினா என்ன?"

"நிறுத்தினா பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. காத்துக்கிட்டு இருக்கறவங்க நிறைய. அப்புறம் மனசு மாறினாலும் திரும்பக் கிடைக்காது."

 அவள் போனதும் அவர் ஒரு காரியம் செய்தார். விதைக் கடையில் சாதாரண லெட்டூஸ் விதை வாங்கி வந்து, காலியாக இருந்த கீழ்த்தட்டில் தூவினார். அதே சாயல், அதே சுருட்டை விளிம்பு. மேல்தட்டு மருந்து, கீழ்த்தட்டு வெறும் கீரை. கீழ்த்தட்டு வளர்ந்ததும் பாக்கியத்துக்கு அதைக் கொடுப்பது. மேல்தட்டை வழக்கப்படி கிள்ளிப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போடுவது. எத்தனை இலை கிள்ளினோம் என்று பெட்டி எடை பார்த்துத் திட்டத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், தின்றது யார் என்று அதற்குத் தெரியாது. இலையே கொடுக்காமல் நிறுத்திவிட முடியாது; ஷமீமா வருகிற அன்று பாக்கியம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கீழ்த்தட்டு எதற்கு என்று அவள் கேட்டால், அடுத்த போகத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கீழ்த்தட்டு வளர்கிற வரை மருந்து இலையேதான். பாக்கியத்துக்கு அந்தத் தெளிந்த நேரங்களில் கை சும்மா இருக்காது. இரண்டு தட்டையும் அவளே எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். அவரைவிட அவள் கைக்கு இலை அழகாக வந்தது.

"இது எதுக்கு இன்னொரு தட்டு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அடுத்த போகத்துக்கு. மேல உள்ளது பூத்துட்டா கசக்குமாம்."

"ஓ," என்றாள். கடை விதைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அந்தக் கடைசி நாட்களில் அவள் அழுகையில் சத்தம் குறைந்திருந்தது. "டென்சில் எங்க?" என்ற கேள்வியும் தாமதமாகத்தான் வந்தது. உடம்பு ஓய்ந்துவிட்டது, இனியும் தாங்காது என்று சவரிராயன் நினைத்தார். தான் செய்யப்போவது சரிதான் என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். மனிதர்களுக்குச் சாட்சி கிடைப்பதில் ஒருபோதும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை கீழ்த்தட்டிலிருந்து கிள்ளத் தொடங்கினார். ஒரு வாரத்தில் பாக்கியம் மங்கினாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பெயிண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பழையபடி அவரை யாரென்று மட்டும் கேட்கவில்லை. சாப்பிட்ட இலையின் மிச்சப் பலன் போல என்று அவர் நினைத்துக்கொண்டார், அந்த மட்டுக்கும் கிடைத்ததே என்று.

சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தபோது கேட்டாள்:

"டென்சில் பேசினானா?"

எங்கே என்று கேட்கவில்லை, பேசினானா என்றுதான் கேட்டாள். சவரிராயன் மூச்சை இழுத்து விட்டார்.

"பேசினான்."

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கானாம். கப்பல் கொரியா பக்கம் போகுதாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தாள். போனைக் கொடு என்று கேட்கவில்லை. அழவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் டென்சில் பேசினான். சவரிராயனுக்கு முதலில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. பிறகு வந்தது. கப்பல்களும் துறைமுகங்களும் அவருக்கு அத்துப்படி. டென்சில் புசானில் ஒரு மேல்கோட்டு வாங்கினான். பிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரனுக்கு மீன்குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தான், அவன் அதில் சர்க்கரையைப் போட்டுக் கெடுத்துவிட்டான். மீசை வைத்தான், பார்க்கச் சகிக்காமல் எடுத்துவிட்டான். சொல்லச் சொல்ல சவரிராயனின் குரல் உயர்ந்தது, கை ஆடியது. அடக்கத்துக்குப் பிறகு அவர் முதல்முறையாகச் சிரித்தது அந்த மீன்குழம்புக்குத்தான். பாக்கியமும் அவர் முகத்தையே பார்த்தபடி சிரித்தாள்.

ஒருநாள் ஆசை மீறிப்போய், "ஒரு பிள்ளையப் பத்திப் பேசினான், நம்ம ஊர்ப் பிள்ளைதானாம்," என்று சொல்லிவிட்டார்.

"பேரு என்ன?"

"கேக்கலையே."

"நாளைக்குக் கேளுங்க," என்றாள்.

மறுநாள் முழுக்க அந்தப் பேரை யோசித்துக்கொண்டே இருந்தார். கடைத்தெருவில் போகிற பெண்களையெல்லாம் மருமகளாக்கிப் பார்த்தார். சாயங்காலம் "அனிட்டாவாம்" என்றபோது, அவருக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்திருந்தது. இறந்துபோன பிள்ளைக்குப் பெண் பார்க்கிறோமே என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

இப்படியே நவம்பர் வந்தது. இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வருடத்தில் அந்த ஒரு நாள் ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றி, இறந்தவர்களுடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கிற ஆன்மாவுக்கு, மோட்சம் ஏற நம்முடைய வேண்டுதல்தான் ஏணி. அந்தத் தெருவில் பிறந்த யாரும் இதைத் தனியாகக் கற்றுக்கொள்வதில்லை, நடக்கப் பழகுகிற மாதிரி பழகிவிடுவதுதான்.

சவரிராயன் கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே போய்வர நினைத்தார். மெழுகுதிரிகளை மீன் பைக்குள் போட்டு, "மீன் வாங்கிட்டு வாரேன்," என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

டென்சிலின் கல்லறை கழுவித் துடைத்திருந்தது. வெள்ளை அடித்து இன்னும் வாசனை போகவில்லை. நடுவில் சம்பங்கி மாலை. நான்கு மூலையிலும் மெழுகுதிரி எரிந்து முடிந்த தடம்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற தொம்மை வாளியோடு அந்தப் பக்கம் வந்தார்.

"யாரு தொம்மை இதெல்லாம் செஞ்சது?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? அக்காதான். நேத்து நீங்க பூசைக்குப் போயிருந்த நேரம் வந்து, அவியளே நின்னு வெள்ளை அடிச்சிட்டுப் போனாவ. நான் அடிக்கேன்னா விட மாட்டேன்னுட்டாவ."

"பாக்கியமா?"

"ஆமா. வாரத்துக்கு ரெண்டு மூணு தரம் வாராவளே. நீங்க மீன் வாங்கப் போற நேரமாப் பாத்து வருவாவ. முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்லிட்டுப் போவாவ. இலை வைத்தியம் நல்லாக் கேட்டிருக்கு, கர்த்தருக்குத் தோத்திரம்னு நான்கூட நினைச்சேன். உங்களுக்குத் தெரியும்னுல்லா இருந்தேன்."

சவரிராயன் அடுத்த கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அவருக்கு வந்தது வெட்கம். புசான் மேல்கோட்டு, மீன்குழம்பு, அனிட்டா. அத்தனையையும் ஒன்றும் அறியாதவளிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னாரே. காலையில் முழங்காலில் நின்றுவிட்டு வந்தவள், சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து அத்தனைக்கும் சிரித்தாளே. அவளால் எப்படி முடிந்தது என்று நினைத்தபோது வெட்கம் போய் பயம் வந்தது.

மீன் வாங்கவில்லை. ஷமீமாவுக்குப் போன் செய்தார். அவள் வந்தபோது பாக்கியம் கோயிலில் இருந்தாள். எதிர்வீட்டுக்காரி கூட்டிப் போயிருந்தாள். அவர் எல்லாவற்றையும் ஷமீமாவிடம் சொல்லிவிட்டார். கடை விதை, கீழ்த்தட்டு, கோழி, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தட்டிலும் ஒவ்வொரு இலையைக் கிள்ளி, வடிந்த பாலைச் சோதனைத் தாளில் தொட்டு வைத்தாள்.

"கீழ உள்ளதுதான் மருந்து, அங்கிள்."

"இல்லம்மா, மேல..."

"இடம் மாறியிருக்கு. இப்ப மாறினது இல்ல. கீழ்த்தட்டுச் செடியப் பாருங்க, தண்டு நீண்டு மொட்டு விட்டிருக்கு. இதுதான் மூத்த செடி. மேல உள்ளது உங்க கடைக் கீரை. ஆன்ட்டி தானாவே கல்லறைக்குப் போய்வர்ற அளவுக்குத் தெளிவா இருக்காங்கன்னா, நீங்க கீழருந்து குடுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே யாரோ தட்டை மாத்தி வச்சிருக்கணும். ஆன்ட்டி ஒருநாள்கூட மருந்து இல்லாம இருந்ததில்ல."

"அப்ப அவ மங்கினது?"

ஷமீமா அவரைப் பார்க்காமல் தாளை மடித்தாள். "அவங்க மங்கல, அங்கிள்."

வாசலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் வெறும் கீரையைத் தின்ற கோழிகள்.

"இந்தச் செடி முடிஞ்சுது. மொட்டு வந்துட்டா இலை கசக்கும், மருந்தும் இறங்கிரும். புதுசா விதைக்கணும்." அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இத விதைக்கிறதும் விதைக்காததும் உங்க வீட்டு விஷயம். நான் மேலிடத்துக்கு எதுவும் எழுதப் போறதில்ல. ஆனா விதைக்கும் முன்னாடி ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இத்தனை நாளா நானும் கேக்கல, டாக்டரும் கேக்கல, நீங்களும் கேக்கல."

சாயங்காலம் பாக்கியம் கோயிலிலிருந்து வந்தாள். சவரிராயன் டீ போட்டு எடுத்து வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். மேசைமேல் அந்த விதைப் பொட்டலம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எப்போதும்போலக் கேட்டாள்.

"டென்சில் பேசினானா?"

  அவர் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தி, "பாக்கியம், அடுத்த போகத்துக்கு எந்த விதையத் தூவட்டும்?" என்றார். 

பாக்கியம் டம்ளரைக் கீழே வைத்தாள். முகத்திலிருந்த அந்த மங்கல் மெதுவாக விலகியது. எதையோ சுமந்து வந்து இறக்கி வைத்தவளாகத் தெரிந்தாள்.

"மருந்து விதையத்தான். மேல வைங்க, கீழ வைங்க. எங்க வச்சாலும் நான் பாத்து எடுத்துக்கிடுவேன்."

"எப்பலருந்து தெரியும்?"

"ஒரு நாள் காலையில முழிச்சேன். நீங்க இன்னும் எந்திரிக்கல. யாரும் சொல்லாமலே தெரிஞ்சிச்சு, எம்பிள்ள இல்லன்னு. நேத்துச் சொன்னது அப்படியே நெஞ்சுல கெடந்துச்சு. நீங்க அந்தக் கடை விதைய எதுக்குத் தூவினியன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சிச்சு."

"மறந்துட்டா உனக்கு நல்லதுன்னு நெனைச்சேன்ளா. சத்தியமா உனக்காகத்தான்."

"தெரியும். கோவமா இருந்திச்சு, அப்புறம் போயிட்டு." அவள் கையைத் தேய்த்துக்கொண்டாள். "நான் அவனப் பெத்தவ. அவன் உசிரோட இருக்கான்னு நெனைச்சிக்கிட்டு உக்காந்திருந்தா, அவன் ஆத்துமாவுக்கு யாரு வேண்டிக்கிடுவா? அடக்கத்தன்னைக்கும் நான் இல்ல. எல்லாருக்கும் காப்பி குடுத்துக்கிட்டு இருந்தேன்னு எதிர்வீட்டுக்காரி சொன்னா. இனியாவது நான் இருக்கணும்லா."

 தெருவில் கல்லறைக்குப் போகிறவர்கள் மெழுகுதிரியும் பூவுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 

"அப்ப ஏன் தினமும் கேட்ட? பேசினானா பேசினானான்னு?"

"கேட்டாத்தான் நீங்க பேசுதிய. மத்த நேரமெல்லாம் சுவத்தப் பாத்துக்கிட்டுல்லா இருந்திய. அவனப் பத்திச் சொல்லும்போது உங்க முகத்தப் பாக்கணுமே."  பிறகு, அடுத்த வீட்டுச் சேதி சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னைக்கு எங்கிட்டப் பேசினான்."

சவரிராயன் நிமிர்ந்தார்.

"நீங்க வெளிய போயிருந்த நேரம். அப்பா எப்படி இருக்காவன்னு கேட்டான். இருக்காவ, மீன் வாங்கப் போயிருக்காவன்னேன். அப்பா அழுதாவளான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன். நான் அழ அழ, அவிய என்னையப் பிடிச்சிக்கிட்டே நின்னாவ, அவியளுக்கு அழுறதுக்கு இடமே இல்லாமப் போச்சுன்னு சொன்னேன். இனிமே நான் பிடிச்சிக்கிடுதேன்னு சொன்னேன்."

 அவர் கையிலிருந்த டம்ளரை அவள் வாங்கி வைத்தாள். அவர் அழுதார். மூடி முத்திரை வைத்த அந்தப் பெட்டி வாசலில் இறங்கிய நாளிலிருந்து உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, கிழவன் என்ற கூச்சம் இல்லாமல் அழுதார். பாக்கியம் அழாதீங்க என்று சொல்லவில்லை. அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அந்தச் சாவுக்கு இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

வெகுநேரம் கழித்து, தலையை எடுக்காமலே அவர் கேட்டார்.

"வேற என்ன சொன்னான்?"

பாக்கியம் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லல," என்றாள். "இனிமே கூப்பிட மாட்டானாம்."